ஊரில் பெண்கள் கபடி அணி நடத்துவது எப்படி: ஒரு பி.இ.டி. டீச்சரின் குறிப்புகள்

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியை. அதற்கு முன்னால் கல்லூரிக் கபடி அணியில் லெஃப்ட் கார்னர் (இடது ஓரத்தில் நின்று பிடிப்பவர்) ஆடியவள். புதிதாக வேலைக்கு வரும் டீச்சர்கள், கல்யாணமாகி ஊரோடு இருக்கும் பழைய வீராங்கனைகள், "எங்க ஊர்லயும் பொண்ணுங்க டீம் ஆரம்பிக்கணும்" என்று வரும் இளைஞர் மன்றத்துத் தம்பிகள், எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: பெண்களை எப்படிச் சேர்ப்பது?

சேர்ப்பது ஒரு கஷ்டமும் இல்லை. எட்டாம் வகுப்பில் போய் "யாரெல்லாம் கபடிக்கு வர்றீங்க?" என்று கேளுங்கள், பாதி வகுப்பு கை தூக்கும். பத்தாம் வகுப்பு வரும்போது அதில் நாலைந்து பேர் மிஞ்சினால் பெரிய விஷயம். நடுவில் வயதுக்கு வந்திருப்பார்கள், டியூஷன் வந்திருக்கும், அண்ணன் முறைத்திருப்பான், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போயிருக்கும். ஆட்டமே பிடிக்காமல் போய் நின்றவள் அபூர்வம். அதனால் இந்தக் குறிப்பில் பெரும்பகுதி, வந்தவளைப் போகவிடாமல் வைத்திருப்பது பற்றித்தான். மேடையில் இதைப் பேசுகிறவர்கள் தன்னம்பிக்கையிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் கழிப்பறைச் சாவியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சாவி, நேரம், தம்பி

பள்ளி விட்ட கொஞ்ச நேரத்தில் பெண்கள் கழிப்பறையைப் பூட்டிவிடுவார்கள். பயிற்சியோ அதற்குப் பிறகுதான். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பிய பெண் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு இருக்கப் பழகியிருப்பாள். அதற்கு அவள் கண்டுபிடித்த வழி தண்ணீரே குடிக்காமல் இருப்பது. தண்ணீர் குடிக்காமல் வெயிலில் ஆடினால் தலைவலி, நீர்க்கடுப்பு, கெண்டைக்கால் பிடிப்பு எல்லாம் வரிசையாக வரும். "வெளையாட்டுக்குப் போனதுலேர்ந்துதான் இப்படி" என்று அம்மா சொல்வார். அதோடு முடிந்தது.

தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்து ஒரு சாவியை உங்கள் பொறுப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். உள்தாழ்ப்பாள் விழுகிறதா என்று நீங்களே உள்ளே போய்ப் போட்டுப் பாருங்கள். வாளி, மக், சோப்பு, மூடி போட்ட குப்பைக்கூடை வேண்டும். வெளியே ஒரு பானைத் தண்ணீர், டம்ளர். இவ்வளவும் ஆன பிறகு களத்தைப் பற்றி யோசித்தால் போதும்.

நேரம் நாலரை முதல் ஐந்தே முக்கால் வரை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான மாதங்களில் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொண்டு அதற்குக் கால் மணி நேரம் முன்னால் முடியுங்கள். "இன்னும் ஒரே ஒரு ரெய்டு" (எதிரணிப் பக்கம் பாடிப் போவது) என்ற ஆசையில் பஸ்ஸை விட்ட பெண் மறுநாள் வரமாட்டாள். அவளைக் கூட்டிப்போக சைக்கிளில் வந்து நின்ற அப்பா வரவிடமாட்டார். காலைப் பயிற்சி பையன்களுக்குச் சரி. பெண்களுக்குக் காலையில் தண்ணீர் பிடிக்க வேண்டும், வாசல் தெளிக்க வேண்டும், சில வீடுகளில் சோறே அவர்கள்தான் வடிக்க வேண்டும். ஒவ்வொருத்தியிடமும் வீட்டில் அவளுடைய வேலை என்னென்ன என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். யார் எப்போது வராமல் போவாள் என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.

நடவு, அறுப்பு சமயத்தில் அம்மாக்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். தம்பி தங்கையைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே பாதி அணி காணாமல் போகும். "கூட்டிக்கிட்டே வா" என்று சொல்லிவிடுங்கள். என் களத்தின் ஓரத்தில் எப்போதும் இரண்டு மூன்று பொடிசுகள் உட்கார்ந்திருக்கும். ஒன்றுக்குச் சிலேட்டில் புள்ளி எழுதும் வேலை, ஒன்றுக்கு விசில் மாதிரி வாயால் ஊதும் வேலை. சம்பளம் கடலை மிட்டாய்.

வீட்டுக்குப் போய்ப் பேசுவது

அப்பா வீட்டில் இருக்கும் நேரமாகப் போங்கள். ஞாயிறு காலை நல்லது. தனியாகப் போக வேண்டாம். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் நீங்கள் பேசுவதில் பாதியை அவரே பேசிவிடுவார். திண்ணையில் அப்பாயி உட்கார்ந்திருந்தால் முதலில் அவரிடம் உட்காருங்கள். அந்த வீட்டில் முடிவு சொல்கிறவர் பெரும்பாலும் அவர்தான்.

கேள்விகள் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"கை கால் ஒடைஞ்சா நாளைக்கி யாரு டீச்சர் கட்டிக்குவா?" ஒடையவே ஒடையாது என்று சொல்லாதீர்கள். அடிபடலாம் அப்பாயி, படாமல் இருக்க இன்னின்னது செய்கிறோம், பட்டால் எந்த ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவார்கள், இதோ என் நம்பர் என்று சொல்லுங்கள். மழுப்பாமல் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

"வெயில்ல கறுத்துப் போயிடுவா." நாற்று நடப் போனால் கறுக்காதா அக்கா என்று கேட்டால் சிரித்துவிடுவார்கள். அந்தக் கேள்வி அதோடு போயிற்று.

"பேப்பர்ல என்னென்னமோ வருதே டீச்சர்." 2023 ஜனவரியில் மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் தொல்லைப் புகாரோடு டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்துக்கு உட்கார்ந்ததிலிருந்து அப்பாக்கள் இதைக் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்குப் பதில் வாய்ச்சொல்லாக இருக்கக் கூடாது. கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

"இதால என்ன கெடைக்கும்?" இங்கேதான் பலர் வாய்க்கு வந்ததை அளந்துவிடுகிறார்கள். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது உண்மை. ரயில்வே, காவல்துறையில் எடுப்பதும் உண்மை. ஆனால் எந்தச் சான்றிதழும் செல்லும் என்பது இல்லை. சர்வதேசப் போட்டி, தேசியப் போட்டி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி, தேசியப் பள்ளி விளையாட்டு என்று படிவங்கள் தனித்தனி. மாவட்டத்தில் வாங்கிய சான்றிதழை லேமினேட் பண்ணி வைத்துக்கொண்டு வேலைக்குக் காத்திருக்கும் பெண்கள் எனக்குத் தெரியும். அப்படியொரு நம்பிக்கையைக் கொடுத்து யாரையும் சேர்க்காதீர்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: பிள்ளை பயமில்லாமல் வெளியூர் போய் வருவாள், நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசுவாள், ஒரு பத்துப் பன்னிரண்டு தோழிகள் கிடைப்பார்கள். அதற்கு மேல் வருவது அவள் ஆட்டத்தைப் பொறுத்தது.

மேலே வந்தவர்களைக் காட்டலாம், தப்பில்லை. சென்னைக்குள்ளிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் குடியேற்றிய கண்ணகி நகரிலிருந்து போன கார்த்திகா, 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் ஆடினாள். அதே போட்டியில் பையன்கள் அணியில் தங்கம் வென்றவர்களில் ஒருவன் எங்கள் பக்கத்து வடுவூர் அபினேஷ். வடுவூர் பெயரைச் சொன்னால் எங்கள் ஊர் அப்பாக்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

களம் போடுவது

பெண்களுக்கும் ஜூனியர் பெண்களுக்கும் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். ஆண்களுக்குப் போட்ட 13-க்கு 10 களத்திலேயே பெண்களையும் ஆடவிடுகிற பழக்கம் பல ஊர்களில் உண்டு. அதில் பழகிவிட்டுப் போட்டிக்குப் போனால் கார்னரும், உள்பக்கம் நின்று பிடிக்கும் கவரும் நிற்கும் இடைவெளியே தப்பாகிவிடும்.

நடுக்கோடு போட்டால் ஒவ்வொரு பாதியும் 6-க்கு 8. இதில் ஒரு வசதி இருக்கிறது: 6-க்கு 8 செவ்வகத்தின் மூலைக்கு மூலை சரியாக 10 மீட்டர் வரும். டேப்பை மூலைக்கு மூலை பிடித்துப் பாருங்கள், 10 வந்தால் களம் கோணாமல் இருக்கிறது. கணக்கு டீச்சரைக் கூப்பிட்டு ஒன்பதாம் வகுப்பை வைத்தே அளக்கச் சொல்லலாம். பித்தாகரஸ் தேற்றமும் ஆச்சு, களமும் ஆச்சு. நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டரில் பால்க் கோடு (ரெய்டு போகிறவள் தாண்ட வேண்டிய கோடு), அதிலிருந்து இன்னும் 1 மீட்டரில் போனஸ் கோடு (கூடுதல் புள்ளிக்கான கோடு). இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் லாபி என்ற ஓரப்பட்டை. அது 8 மீட்டருக்குள்ளேயே அடங்கும்.

மண்ணை ஒரு முழம் ஆழம் கொத்திக் கல், கண்ணாடிச் சில்லு, நெருஞ்சி முள் எல்லாம் பொறுக்குங்கள். பிறகு சலித்த மணலும் மண்ணும் கலந்து பரப்பித் தண்ணீர் தெளித்து இரண்டு நாள் விடுங்கள். கைப்பிடி மண்ணை எடுத்து இறுக்கிவிட்டுத் திறந்தால் உதிர வேண்டும், கட்டியாக நிற்கக் கூடாது. கோடு போடச் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். விழும்போது முகம் மண்ணில்தான் படும். சுண்ணாம்பு கண்ணில் போனால் பெரிய வினை. கோலமாவு போதும். கோடு போடுவதில் எங்கள் பெண்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

பெரிய போட்டிகள் எல்லாம் இப்போது மேட் என்ற விரிப்பின் மேல்தான். மண்ணிலேயே ஆடிய கால் மேட் மேல் சட்டென்று பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, முட்டி போய்விடும். போட்டிக்கு முந்தி மாவட்ட விளையாட்டரங்கத்தில் கேட்டு, ஷூ போட்டு, கொஞ்ச நாளாவது மேட் மேல் ஓடவிடுங்கள்.

ஊராட்சிகளுக்குக் கொடுத்த கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு உங்கள் ஊரில் யார் வீட்டுப் பரணில் இருக்கிறது என்று ஊராட்சிச் செயலரிடம் கேட்டுப் பாருங்கள். பையன்கள் கிரிக்கெட் மட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பிரிக்காமலே வைத்திருப்பார்கள்.

உடை

அரைக்கால் சட்டை போட்டால்தான் கபடி என்று முதல் நாளே சொல்லிப் பத்துப் பெண்களை இழக்காதீர்கள். டிராக் பேன்ட், தளராத டி-ஷர்ட், இவ்வளவு போதும். ஆடி ஆடி வேகம் வந்த பிறகு, டிராக் பேன்ட் தடுக்குகிறது என்று அவர்களே ஷார்ட்ஸ் கேட்பார்கள். அதற்குள்ளே முழங்காலை மூடும் ஸ்கின்ஸ் என்ற இறுக்கமான உடை போட்டுக்கொள்ளலாம். ஊரில் யாராவது உடையைப் பற்றிப் பேசினால் ஈரானைச் சொல்லுங்கள். தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு ஆடிய ஈரான் பெண்கள் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியில் நம் அணியை 27-24 என்று தோற்கடித்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் மகாராஷ்டிரத்துக்காரர், சைலஜா ஜெயின். நம் பெண்கள் அந்தத் தங்கத்தை ஹாங்சோவில் 2023-இல் திரும்ப வாங்கினார்கள். சீன தைபேயை ஒரே ஒரு புள்ளியில், 26-25.

ஜெர்ஸி எடுக்கும்போது கீழ் உடை கறுப்பு அல்லது கருநீலம் மட்டும். யாராவது ஸ்பான்சர் வெள்ளை ஷார்ட்ஸ் எடுத்துத் தருகிறேன் என்றால் கும்பிட்டு வேறு நிறம் கேளுங்கள்.

ஸ்போர்ட்ஸ் ப்ராவைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். நீங்கள்தான் பேச வேண்டும், அம்மாக்களிடமே நேராக. மார்பு வலிக்கிறது, ஓடினால் எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதற்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்று, பிறகு வராமலே போன பெண்கள் எத்தனையோ பேர். ஜெர்ஸிக்கு ஸ்பான்சர் பிடிக்கிற காசில் முதலில் இதை வாங்குங்கள். ஜெர்ஸி பழையதாக இருந்தால் ஒன்றும் குடிமுழுகாது.

நகம் வெட்டியிருக்க வேண்டும். கம்மல், கொலுசு, கண்ணாடி வளையல், ஹேர்பின் எல்லாம் கழற்றி ஒரு டப்பாவில். டப்பாவுக்குப் பெயர் எழுதிய சின்னக் கவர்கள் வைத்திருங்கள். தங்கத் தோடு தொலைந்தால் கபடியும் தொலைந்தது. ரெட்டைச் சடை தொங்கக் கூடாது, ரப்பர் பேண்டில் கொண்டை. தலையில் மட்டும் எண்ணெய் இருக்கலாம், கை காலில் தடவிக்கொண்டு வரக் கூடாது. பிடி வழுக்கும், விதிப்படியும் தப்பு.

வாய் திறப்பது

ஆட்டத்தில் முதலில் கற்றுத்தர வேண்டியது ஓட்டமோ பிடியோ இல்லை, குரல். ரெய்டு போகிறவள் "கபடி கபடி" என்று எல்லோருக்கும் கேட்கும்படி, விடாமல் பாட வேண்டும். கேட்காவிட்டால் நடுவர் திருப்பி அனுப்பி எதிரணிக்குப் புள்ளி கொடுத்துவிடுவார். பையன்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. "பொம்பளப் புள்ள சத்தம் வெளிய கேக்கக் கூடாது" என்றே வளர்ந்த பெண்ணுக்கு, மைதானத்தின் நடுவில், மாடியிலிருந்து பிளஸ் டூ பையன்கள் எட்டிப் பார்க்கும்போது, தொண்டையிலிருந்து சத்தம் வரவே வராது. உதடு மட்டும் அசையும். சிலர் சிரித்துவிடுவார்கள், சிலர் கண் கலங்கிவிடுவார்கள்.

நான் செய்வது: களத்துக்கே கொண்டுபோகாமல், பள்ளிக்குப் பின்னால் வாய்க்கால் கரைக்குக் கூட்டிப் போகிறேன். இந்தக் கரையில் பாதிப் பேர், அந்தக் கரையில் பாதிப் பேர். இங்கிருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து பாட வேண்டும், அங்கே கேட்டால் கை தூக்குவார்கள். அப்புறம் நாலு நாலு பேராக. அப்புறம் இரண்டு பேர். தனியாகப் பாடும் முறை வரும்போது வெட்கம் பாதி கரைந்திருக்கும். அதன் பிறகு களத்தில், எதிரே ஆள் இல்லாமல், பால்க் கோட்டைத் தாண்டித் தொட்டுவிட்டுத் திரும்புவது, பாட்டு நிற்காமல். ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. ஆரம்பத்தில் பத்து விநாடியே மூச்சு முட்டும். வயிற்றிலிருந்து மூச்செடுக்கச் சொல்லிக் கொடுங்கள். மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் பையன்களை நான் விரட்டுவதில்லை. கீழே கூப்பிட்டு நடுவராக நிற்க வைக்கிறேன், இல்லையென்றால் மண்ணுக்குத் தண்ணீர் தெளிக்கச் சொல்கிறேன். வேலை என்றதும் பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள்.

இந்தக் குரல் களத்தோடு நிற்பதில்லை என்பதை வகுப்பு டீச்சர்கள்தான் எனக்குச் சொல்வார்கள். பாதி டிக்கெட்டுக்கு முழு டிக்கெட் கொடுத்த கண்டக்டரிடம் எங்கள் பெண் ஒருத்தி நின்று கேட்டு மீதியை வாங்கி வந்ததை அவள் அம்மா வந்து புகார் மாதிரிச் சொன்னார். முகத்தில் புகார் இல்லை.

பிடிப்பதும் விழுவதும்

கபடியில் ஒருத்தியின் கணுக்காலை இன்னொருத்தி கட்டிப் பிடிக்க வேண்டும். தடுக்க நிற்பவர்கள் பக்கத்தில் இருப்பவளின் கையைக் கோத்துச் செயின் போட வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்களில் எந்தத் தெருப் பெண் எந்தத் தெருப் பெண்ணின் கையைப் பிடிக்கிறாள் என்று பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதற்கு என் வழி ஒன்றுதான். ஜோடியையும் செயினையும் நானே பெயர் சொல்லிப் போடுவேன், வேண்டுமென்றே கலந்து. தண்ணீர்ப் பானை ஒன்று, டம்ளர் ஒன்று. "எம்பொண்ணு அதுல குடிக்க மாட்டா" என்று ஓர் அம்மா வந்தால் சண்டை போடுவதில்லை, ஆனால் இரண்டாவது டம்ளரும் வைப்பதில்லை. கார்னரும் அவள் பக்கத்துக் கவரும் ஒருவர் கையை ஒருவர் நம்பாவிட்டால் அந்தப் பக்கம் ஓட்டைதான். கொஞ்ச நாளில் பிள்ளைகளுக்கே அது புரிந்துவிடும், பெரியவர்களுக்குத்தான் நாளாகும்.

முதல் சில வாரம் முழுப் பிடி வேண்டாம். விழப் பழக்குங்கள்: கையை ஊன்றி விழாமல் தோளை உருட்டி விழுவது, முகவாயை நெஞ்சோடு வைத்துக்கொள்வது. குதித்து இறங்கும்போது இரண்டு முட்டியும் மடங்கி, பாதத்துக்கு நேராக நிற்க வேண்டும். பெண்களுக்கு முட்டி உள்பக்கமாகச் சாய்ந்து இறங்கும் வழக்கம் அதிகம். முட்டிக்குள்ளே இருக்கும் ஏ.சி.எல். தசைநார் கிழிவது பையன்களைவிடப் பெண்களுக்கு அதிகம் நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஒற்றைக் காலில் நிற்பது, ஸ்குவாட், குதித்து இறங்கி அப்படியே சிலையாக நிற்பது, இவற்றைத் தினமும் வார்ம்-அப்பிலேயே கால் மணி நேரம் வைத்துவிடுங்கள். போரடிக்கிறது என்பார்கள். விடாதீர்கள்.

அடிபட்டால் முதலில் ஐஸ், துணியில் சுற்றி. பிறகு கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைப்பது. வீட்டில் கேட்டவுடனே சுளுக்கு நீவிவிட ஆள் தேடுவார்கள். வீங்கிய இடத்தில் முதல் இரண்டு நாள் யாரும் கை வைக்கக் கூடாது என்று அப்பாயியிடம் நீங்களே போனில் சொல்லுங்கள். முட்டியில் "டக்" என்று சத்தம் கேட்டு அன்றைக்கே வீங்கினால் நேராக எலும்பு டாக்டர். தலையில் அடிபட்டவள் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னாலும் அன்று திரும்ப இறக்காதீர்கள்.

சாப்பாடும் அந்த மூன்று நாளும்

நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. "இவளுக்கு ஸ்டாமினா இல்லை" என்று நாம் ஒதுக்குகிறவளுக்குப் பெரும்பாலும் ரத்தம்தான் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தடவை எல்லோருக்கும் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். பள்ளியில் வாராவாரம் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பாதிப் பேர் ஜன்னல் வழியாக எறிவார்கள், குமட்டுகிறது என்று. சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள், அதோடு டீ குடிக்கக் கூடாது என்றும் சொல்லுங்கள். பயிற்சிக்கு முன்னால் சுண்டலோ வாழைப்பழமோ ஏதாவது வயிற்றில் போக வேண்டும். மதியம் சாப்பிட்டதை வைத்துக்கொண்டு ஐந்தே முக்கால் வரை ஆடச் சொல்வது அநியாயம்.

எடைக்காகப் பட்டினி போடும் வேலை மட்டும் வேண்டாம். சப் ஜூனியர் பெண்களுக்கு 55 கிலோ, ஜூனியருக்கு 65, சீனியருக்கு 75 என்று வரம்பு உண்டு. 57 கிலோ இருக்கும் வளரும் பிள்ளையை இரண்டு நாள் தண்ணீர் குடிக்கவிடாமல் தராசில் ஏற்றுகிற கோச்சுகளை நான் பார்த்திருக்கிறேன். அவளை ஜூனியரில் ஆடவிடுங்கள், தோற்றால் தோற்கட்டும்.

மாதவிலக்கு நாட்களில் ஆடலாமா என்றால், முடிந்தவள் ஆடலாம், முடியாதவள் உட்காரலாம், காரணம் கேட்கக் கூடாது. கிட் பையில் நாப்கின், கறுப்பு டிராக் பேன்ட் ஒன்று, பழைய செய்தித்தாள், இவை எப்போதும் இருக்கட்டும். எடுக்கிறவள் யாரிடமும் கேட்காமல் எடுக்கும்படி பையைத் திறந்த இடத்தில் வையுங்கள். அரசு கொடுக்கும் நாப்கின் பள்ளிக்கு வரும். தீர்ந்துபோனால் வாங்க ஒரு சின்னத் தொகை ஒதுக்கி வையுங்கள். வயதுக்கு வந்து சடங்கு முடிந்த வாரம்தான் ஒருத்தியை நாம் நிரந்தரமாக இழக்கும் வாரம். சடங்குக்கு அணியோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு, "திங்கக்கிழமை வந்துடு" என்று அம்மா காதுபடச் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஆண் கோச், வெளியூர்ப் பயணம்

ஆண்கள் பெண்களுக்குக் கபடி சொல்லித்தரக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நல்லவர்கள் நிறைய இருக்கிறார்கள், எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் ஆண்தான். ஆனால் நல்லவரா என்பதை நம்பி நடத்தக் கூடாது, ஏற்பாட்டை நம்பி நடத்துங்கள். பிடியைச் செய்துகாட்டுவது பெண்ணும் பெண்ணும்தான். கோச் வாயால் திருத்துவார். தனி அறையில் தனி ஆளாக எந்தப் பேச்சும் கிடையாது. வாட்ஸ்அப் தகவல் எல்லாம் அம்மாக்களும் இருக்கும் குரூப்பில். இரவு ஒன்பதுக்கு மேல் தனிச்செய்தி வந்தால் அது பயிற்சி சம்பந்தமாக இருந்தாலும் தப்பு. வெளியூர்ப் போட்டிக்குப் பெண் ஆசிரியையோ ஒரு பிள்ளையின் அம்மாவோ கூட வராவிட்டால் வண்டி கிளம்பக் கூடாது. தங்கும் கல்யாண மண்டபத்தின் கதவு, தாழ்ப்பாள், கழிப்பறை வெளிச்சம் இவற்றை முதலில் போய்ப் பாருங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் களத்துச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள், பெற்றோர் கண்ணிலும் படட்டும். இதையெல்லாம் சொன்னால் முகம் சுளிக்கிற கோச்சை அன்றைக்கே மாற்றிவிடலாம்.

அம்மாக்கள் கூட வருவதில் இன்னொரு லாபம். மகள் ஆடுவதை ஒரு தடவை நேரில் பார்த்த அம்மா, அதன் பிறகு வீட்டில் நமக்காக வாதாடுவார்.

காகிதம்

பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஜூன் மாதமே பாருங்கள். போட்டிக்கு முந்தின நாள் பார்த்தால் அழுகைதான். பள்ளிப் போட்டிகள் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று போகும். முதலமைச்சர் கோப்பைக்குத் தனியாக ஆன்லைனில் பதிய வேண்டும். அதில் பள்ளி, கல்லூரி தவிரப் பொதுப்பிரிவும் இருக்கிறது, படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களையும் நினைவில் வையுங்கள். விளையாட்டு விடுதிக்கான தேர்வு ஆண்டுதோறும் கோடையை ஒட்டி நடக்கும். உங்கள் அணியின் சிறந்த ரெய்டரை விடுதிக்கு அனுப்ப மனசு வராது. அனுப்புங்கள்.

பொங்கல் போட்டி

ஊருக்கு முன்னால் அணி ஆட நல்ல நாள் காணும் பொங்கல். விழாக்குழுவிடம் மார்கழி பிறந்ததுமே பேசுங்கள். பெண்கள் கபடியை மதியம் இரண்டு மணி வெயிலில், கூட்டம் சேருவதற்கு முன்னால் முடித்துவிடப் பார்ப்பார்கள்; ஆண்கள் அரையிறுதிக்கும் இறுதிக்கும் நடுவில் கேளுங்கள். வர்ணனைக்கு மைக் பிடிக்கும் அண்ணனிடம், பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், இன்னார் மகள், இன்னார் தங்கச்சி என்று சொல்ல வேண்டாம் என்று சொல்லி, ஜெர்ஸி எண்ணோடு பெயர்ப் பட்டியலைக் கையில் கொடுத்துவிடுங்கள். கல்யாணமாகி ஊருக்கு வந்திருக்கும் பழைய வீராங்கனைகளை ஓர் அணியாகச் சேர்த்து எதிரே இறக்கினால் அன்றைக்கு அதுதான் கூட்டத்தை நிறுத்தும். மாமியார்கள் முன்வரிசையில் உட்காருவார்கள், யார் பக்கம் கத்துவது என்று தெரியாமல்.

பரிசு விஷயத்தில் கறாராக இருங்கள். பையன்களுக்கு ரொக்கமும் கோப்பையும், பெண்களுக்கு எவர்சில்வர் குடமும் ஹாட்பாக்ஸும் என்றுதான் வழக்கம். அதே ரொக்கம், அதே உயரக் கோப்பை என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் தொகையை அதில் போடச் சொல்லுங்கள். நோட்டீஸில் வந்துவிட்டால் அப்புறம் மாற்றமாட்டார்கள்.